லண்டன் களிமண்ணின் மேல் ஒரு வீடு

லண்டனில் விக்டோரியா காலத்துப் பெரிய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால், விளம்பரப் படத்தில் இரண்டு விஷயங்கள் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் பே ஜன்னல். இன்னொன்று, அதன் முன்னால் கிளை பரப்பி நிற்கும் பிளேன் மரம். வாங்க வருகிறவர் மயங்குவது இவற்றில்தான். வீட்டைச் சோதிக்க வரும் சர்வேயரின் கவலையோ இரண்டுக்கும் அடியில் இருக்கும் மண்ணைப் பற்றியது.

பெல்சைஸ் பார்க், க்ரவுச் எண்ட், டல்விச் என்று மர நிழலுக்குப் பேர்போன பல பகுதிகளுக்கு அடியில் கிடப்பது லண்டன் களிமண். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய தென்கிழக்கு இங்கிலாந்து ஒரு வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் இருந்தபோது படிந்த சேறு அது. தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கும் ஷெப்பி தீவின் கரையை அலை அரிக்க அரிக்க, அந்தக் களிமண்ணிலிருந்து ஆமை எலும்புகளும் நிப்பா பனையின் காய்களும் கல்லாக மாறிய உருவில் வெளியே வருகின்றன. நிப்பா இன்று சுந்தரவனம் போன்ற வெப்பமண்டலச் சதுப்புகளில் வளரும் பனை. குளிருக்குப் பேர்போன நகரம் ஒரு காலத்துப் பனங்காய்ச் சேற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தீராத செய்தி.

இந்தக் களிமண்ணில் ஸ்மெக்டைட் என்ற கனிமக் குடும்பம் உண்டு. அதன் துகள் ஒவ்வொன்றும் மிக மெல்லிய தாள்களின் அடுக்கு. தாள்களுக்கு நடுவே நீர் நுழைந்தால் அவை விலகும், மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டைச் சித்திரை வெயிலில் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய் பிளந்து கிடக்கும் அந்த மண்ணிலும் இதே குடும்பக் கனிமம்தான் வேலை செய்கிறது. லண்டனில் ஈரம் அதிகம் என்பதால் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவே.

அங்கேதான் மரம் வருகிறது. லண்டன் பிளேன் ஒரு கலப்பினம். தென்கிழக்கு ஐரோப்பா, மேற்காசியப் பக்கத்து பிளேனும் அமெரிக்க பிளேனும் 17ஆம் நூற்றாண்டில் கலந்து பிறந்தது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். நிலக்கரிப் புகையில் பல மரங்கள் நலிந்தபோதும் இது தழைத்தது. நகரத்துக்காரர்கள் அதைத் தெருத்தெருவாக நட்டார்கள். பெர்க்லி சதுக்கத்தில் 1789இல் நட்டவை இன்னும் நிற்கின்றன. இலை நிறைந்த பெரிய மரம் கோடையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை உறிஞ்சி ஆவியாக விட்டுவிடும். அந்த நீர் களிமண்ணின் தாள்களுக்கு நடுவிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் வேரைச் சுற்றியுள்ள மண் இறங்குகிறது. மாரிக்காலத்தில் இலை உதிர்ந்து மழை ஊறியதும் மறுபடி ஏறுகிறது. மேலே நிற்கும் வீடும் ஆண்டுக்கு ஒருமுறை சில மில்லிமீட்டர் இறங்கி ஏறுகிறது.

இன்று அந்த மண்ணில், மரத்தின் அருகே வீடு கட்டுகிறவர் குறைந்தது 1 மீட்டராவது தோண்டுவார். மரத்தைப் பொறுத்து இன்னும் ஆழமாகவும் போவார். விக்டோரியா காலத்துக் கட்டுநர் பல இடங்களில் அரை மீட்டர் அளவில் நிறுத்திக்கொண்டார். சுவரின் அடியில் செங்கலைப் படிப்படியாக அகலப்படுத்தி நேரே களிமண் மேல் வைத்தார். பே ஜன்னலுக்கு அதைவிடக் குறைவாகவும் தோண்டியதுண்டு, அது லேசான பகுதி என்பதால். அந்த லேசான பகுதிதான் தெரு மரத்துக்கு மிக அருகே நீட்டிக்கொண்டிருக்கிறது. விளம்பரத்தின் அழகு முகமே வீட்டின் பலவீனமான மூலை. பே ஜன்னல் பிரதான சுவரோடு சேரும் இடத்தில் செங்குத்தாகவோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ ஒரு கோடு ஓடுகிறதா, அது மேலே அகன்று கீழே குறுகுகிறதா என்று பாருங்கள். மண் இறங்கியதன் கையெழுத்து பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பிரிட்டன் இதை உரக்கப் பேசத் தொடங்கியது 1976இல். முந்தைய கோடையும் இடைப்பட்ட குளிர்காலமும் வறண்டு போயிருக்க, அந்தக் கோடை கடுமையாகக் காய்ந்தது. வீட்டுக் காப்பீட்டில் மண் இறக்கம் சேர்ந்ததே 1971இல்தான். ஐந்தே ஆண்டில் கோரிக்கைகள் வந்து குவிந்தன.

இப்படி ஆண்டுதோறும் ஆடும் மண்ணின் மேல் 140 ஆண்டுகளாக ஒரு வீடு எப்படி நிற்கிறது? விடை செங்கற்களுக்கு நடுவே இருக்கிறது. அந்தச் சாந்து சுண்ணாம்பு.

சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். எஞ்சியதைத் தண்ணீரில் நீற்றி, மணலோடு குழைத்துக் கட்டினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகத் தொடங்கும். தடித்த சுவரின் உட்பகுதிவரை இது முடிய ஆண்டுக்கணக்காகும். இறுகிய பிறகும் அது செங்கல்லைவிட மென்மையானது. மண் கொஞ்சம் அசைந்தால் அசைவு ஆயிரம் இணைப்புகளில் பங்கு பிரிந்துபோகும், செங்கல் உடையாது. மயிரிழை விரிசல் விழுந்தால் உள்ளே ஊறும் மழைநீர் சாந்திலிருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து எடுத்துப் போய், காற்றுப்படும் இடத்தில் திரும்பப் படிய வைக்கும். சுவர் தன் சிறு காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது.

அந்தச் செங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. லண்டன் மஞ்சள் செங்கல்லுக்கான மண்ணோடு, வீட்டு அடுப்புகளிலிருந்து அள்ளிச் சலித்த சாம்பலையும் கலந்தார்கள். எரியாமல் மிஞ்சிய கரித்துண்டுகள் சூளையில் உள்ளிருந்தே செங்கல்லைச் சுட்டன. பழைய செங்கல்லின் முகத்தில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அந்த நகரத்து அடுப்புகளின் மிச்சம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய இத்தகைய சுவருக்குச் சிலர் நல்ல எண்ணத்தோடு செய்யும் பெரிய கேடு சிமெண்ட். இணைப்புகளைச் சுரண்டிச் சிமெண்டால் அடைத்தால் சுவர் விறைத்துவிடும். அடுத்த அசைவு இணைப்பை விட்டுச் செங்கல்லைப் பிளக்கும். சாந்து வழியே காய்ந்துவந்த ஈரமும் அடைபட்டுச் செங்கல்லிலேயே தங்கும். பனியில் நீர் உறையும்போது 9 விழுக்காடு விரிகிறது. செங்கல்லின் முகம் சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. வாங்கப் போகிறவர் புது வெள்ளைப் பூச்சைவிட இந்த இணைப்புகளை நகத்தால் தடவிப் பார்ப்பது மேல்.

மரத்தை வெட்டிவிட்டால் தொல்லை தீருமா? பல நேரங்களில் அதுவே புதுத் தொல்லை. குடிக்க ஆளில்லாமல் மண் பல ஆண்டுகளாக நீரை ஏற்றிக்கொண்டே போய் வீட்டை மேலே தூக்கும். தவிர, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மரத்தைத் தொடும் முன் கவுன்சிலுக்கு 6 வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். கிளைகளை முறை வைத்துக் குறைத்து, மரம் குடிக்கும் அளவைக் கட்டுப்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நிழலும் மிஞ்சும், வீடும் மிஞ்சும். 2022 ஜூலையில் இங்கிலாந்து முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. இனி வரும் கோடைகளில் அந்த நிழலின் மதிப்பு கூடவே செய்யும், மண் சுருங்கும் அபாயமும்தான்.

விரிசல் கண்ட வீட்டில் அனுபவமுள்ள பொறியாளர் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. விரிசலின் இருபுறமும் அளவுக் குறி பதித்து, ஓர் ஆண்டாவது பார்ப்பார். 5 மில்லிமீட்டர்வரை உள்ளவற்றைப் பெரும்பாலும் பூச்சு வேலையோடு தீர்க்கலாம். 25ஐத் தாண்டினால் கட்டடத்தின் உறுதியே கேள்விக்குள்ளாகும். கோடை முடிவில் அகன்று வசந்தத்தில் மூடினால் மரமும் களிமண்ணும் செய்யும் வேலை என்று தெரிந்துகொள்ளலாம். பருவம் பாராமல் அகன்றுகொண்டே போனால் ஒழுகும் சாக்கடைக் குழாயைத் தேட வேண்டும். காரணம் தெரியும்வரை விரிசலை இறுக்கி அடைக்கக் கூடாது. செப்டம்பரில் அடைத்த இடம், பிப்ரவரியில் மண் உப்பும்போது மூட இடமில்லாமல் அடுத்த செங்கல் வரிசையைத் தள்ளும்.