கலைக்களஞ்சியத்தில் களைதலும் காத்தலும்

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தை நம் மாணவர் அறியாதாரல்லர். 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்ற அதன்கண் கட்டுரை வரைதற்குப் பொதுமக்கள் யாவர்க்கும் உரிமையுண்டு. ஆதலின் தகாதன புகுதற்கும் இடமுண்டு. புகுந்தவற்றுள் எதனைக் களைவது, எதனைக் காப்பது என்று துணியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு கட்டுரை நீக்கத்தக்கது எனக் கருதுவோர் அதனைப் பொதுவாதத்திற்கு முன்வைப்பர். ஏழு நாள் அளவும் பிறர் வந்து தம் கருத்தையும் காரணத்தையும் எழுதலாம். பின்னர், அவ்வாதத்திற் கலவாத நிர்வாகி ஒருவர் முடிபு கூறுவர். தலையெண்ணிப் பெரும்பான்மை காண்டல் அவர் தொழிலன்று. காரணங்களின் வலிமையைச் சீர்தூக்குவதே அவர் கடன். ஒருமைப்பாடு காணாவிடின் கட்டுரை பிழைத்துப்போம்.

சீர்தூக்குதற்குரிய அளவைதான் யாது? பொருள் பெரிதா என்பதன்று வினா. அப்பொருளோடு தொடர்பற்ற, நம்பத்தக்க நூல்களும் பத்திரிகைகளும் அதனை விரித்து எழுதியுள்ளனவா என்பதே வினா. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே எழுதியது போதாது. அவருக்கு ஊதியமளிக்கும் நிலையத்தின் அறிக்கையும் போதாது. (கல்லூரி மலர்களில் வெளிவரும் புகழுரைகளும் இவ்வகையினவே என்பதை அன்பர்கள் பொறுத்தருள்க.)

இவ்வளவை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒன்று காண்க. 1640, 1641ஆம் ஆண்டுகளிற் கோவாப் பகுதியில் போர்த்துக்கீசியர்க்கும் மராட்டியர்க்கும் பிச்சோலிம் போர் நிகழ்ந்ததாக 2007இல் ஒரு நெடுங்கட்டுரை ஏறிற்று. அடிக்குறிப்புகள் மலிந்த அது, 'நல்ல கட்டுரை' என்னும் சிறப்பும் பெற்றது. அந்நாளிற் சிவாஜி சிறுபிள்ளை என்பதை நினைந்திருப்பினும் ஐயம் பிறந்திருக்கும்! ஐந்தாண்டு கழிந்தபின்னரே ஒருவர் அதிற் காட்டிய நூல்களைத் தேடினார். தலைமையான நூல்கள் கிடைத்தில. அப்படியொரு போரும் வரலாற்றில் இல்லை. 2012 டிசம்பரில் அது நீக்கப்பட்டது.

இதற்கு மறுதலையான பிழையை நாம் இன்னும் கொடிதெனக் கருதுகின்றோம். கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலாசிரியர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் அம்மையார், 1985இல் தம் ஆய்வாசிரியர் ஜெரார் மூருவுடன் கூடி ஓர் அரிய முறையை வெளியிட்டார். லேசர் ஒளியின் குறுந்துடிப்பை முதலில் நீட்டி, பின் பெருக்கி, மீண்டும் சுருக்குவதே அம்முறை. அதனாற் கருவி சிதையாமலே பேராற்றல் பெறலாயிற்று. 2013இல் அவர் அமெரிக்க ஒளியியற் கழகத்தின் தலைவராயும் விளங்கினார். எனினும், அவரைப்பற்றிய கட்டுரை வரைவு 2018 மே திங்களில், காட்டிய சான்றுகள் போதா என்று திருப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர்க்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்றே கட்டுரையும் தோன்றிற்று. மேரி கியூரி, 1963இல் பரிசு பெற்ற மரியா கெப்பெர்ட் மேயர் ஆகிய இருவர்க்குப்பின், இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாம் பெண்மணி இவர்.

இது நீக்கவாதம் அன்று, வாயிலிலே தடுத்ததேயாம். ஆயினும் அளவை ஒன்றே. திருப்பியவர் மனம்போனவாறு செய்தார் என்று நாம் கூறோம். ஆனால் விதி ஆண்டு முடியவில்லை. கல்வியாளர்க்கெனத் தனி அளவையுண்டு. பெருங்கழகமொன்றின் தலைமை வகித்தமையும் அதன்படி தகுதியேயாம். அன்றியும், நீக்கம் வேண்டுவோர் முன்னர்த் தாமே சான்று தேடிப் பார்த்தல் வேண்டும் என்னும் நெறியும் உண்டு. கட்டுரையிற் சான்றின்மை வேறு. உலகிற் சான்றின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே இவ்வாதங்களில் நேரும் பெருங்குற்றம் என்பது நம் துணிபு.

பத்திரிகைகள் எவரைப் பேசாது விட்டனவோ அவரைக் களஞ்சியமும் விட்டுவிடும். பெண்பாலரும், ஆங்கில ஏடுகள் எட்டாத ஊரினரும் இவ்வாறு விடுபடுதல் எளிது. சான்று ஆங்கிலத்திலோ இணையத்திலோ இருத்தல்வேண்டும் என்னும் விதி இல்லை. நூலகத்துப் பழைய தமிழிதழும் தக்கதாயின் சான்றே. ஆனால் அவ்விதழைப் புரட்டுவார் ஒருவர் ஏழு நாளுக்குள் வந்து சேர்தல் வேண்டும். வாராவிடினும் வழி அடைபடவில்லை: நீக்கத்தின்மேல் முறையீடு உண்டு; புதிய சான்று கிடைப்பின் கட்டுரையை மீண்டும் எழுதலாம்.