கண்டித் துரைமாரும் கலிப்பொலி அகழிகளும்

கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு 1900இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, 1914 அக்டோபரில் 8 அதிகாரிகளையும் 229 வீரரையும் கப்பலேற்றி எகிப்துக்கு அனுப்ப, அவர்கள் சூயஸ் கால்வாய்க் காவலின் பின்னர், அன்சாக் எனப்பட்ட அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையணியுடன் துருக்கியின் கலிப்பொலியை அடைந்தனர். அங்கே அகழிகள், அதாவது வீரர் மறைந்திருந்து சுடத் தோண்டிய நீள்பள்ளங்கள், சில இடங்களில் எதிரியின் கைக்குண்டு எட்டும் தொலைவிலேயே இருந்தமையால், தலையை உயர்த்தாது பெரிஸ்கோப் என்னும் ஆடிக்குழாய் வழியே பார்ப்பதே வழக்கமாயிற்று. அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபோதுங்கூட, துரைமார் மெய்க்காவல் புரிந்த தளபதி பேர்ட்வுட்டின் உச்சந்தலையை 1915 மே 14இல் ஒரு தோட்டா உரசிச் சென்றது. ஐரோப்பியருக்கு மட்டுமேயான அப்படையில், அத்துரைமாரின் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழருக்கு இடமிருக்கவில்லை.