இருநூறு ரூபாயா, ஏழு ஆண்டா?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரமே கூல் லிப்பில் வந்து நிற்கிறது. அவர்கள் பயப்படுவது நியாயமானதே. கூல் லிப் என்பது சின்னஞ்சிறு புகையிலைப் பை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகை இல்லை, துப்ப வேண்டியதில்லை. வாயில் புதினா மணம்தான் வரும். கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பையனின் ரத்தத்தில் நிகோடின் ஏறிக்கொண்டிருப்பதை ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013 முதல் தடை உண்டு. ஆனாலும் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே, மாணவர்களிடம் கூல் லிப் பரவுவதைக் கண்டு, இதை நாடு முழுக்கத் தடைசெய்தால் என்ன என்று கேட்டது.

கஞ்சா, வலி மாத்திரை பற்றிய செய்திகளுக்கு நடுவே பலர் கவனிக்கத் தவறுவது, ஒயிட்னர், தின்னர், பஞ்சர் சொல்யூஷன் ஆகியவற்றைப் போதைக்காக முகர்வது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இப்படி முகரும் பழக்கம் 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58தான். முதல் தடவை முகரும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போவதும் உண்டு.

சரி, விற்றவருக்கு என்ன தண்டனை? பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குட்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். கட்டிவிட்டு மறுநாள் கடையைத் திறக்கலாம். ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. செயல் ஒன்றுதான். எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புகார் கொடுக்கும் பெற்றோர் 77 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பலர் புகாரே கொடுப்பதில்லை. பிள்ளையின் பெயர் கெட்டுவிடும், டிசி கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம். பெயரைப் பொறுத்தவரை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு துணை நிற்கிறது: குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. டிசி விஷயத்தில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது; ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தக் காப்பு இல்லை. பழக்கம் பிடிக்கத் தொடங்கும் வயதில் பிள்ளையை வெளியே அனுப்புவது, விற்பவன் நிற்கும் தெருவுக்கே அனுப்புவதாகும். இது மாற வேண்டும்.

பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. சொந்த உபயோகத்துக்கோ சிறிய அளவுக்கோ சிக்கிய போதை அடிமை, அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அது. ஆலோசனைக்கு 14446, குழந்தை உதவிக்கு 1098. அரசுப் பள்ளியானால், பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பள்ளி வாசல் கடையைப் பற்றித் தீர்மானம் போட்டு, அதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.