மருந்துச் சீட்டில் இரண்டு எழுத்து



கப்பலூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எப்போதும் முதல் ஆளாக வந்து பாயில் உட்காரும் அக்காவைக் காணோம். விசாரித்தால், முந்தின நாள் வேலை செய்கிற இடத்தில் வேர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கி, மயங்கி விழுந்துவிட்டாராம். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

"புது சுகர் மாத்திரை குடுத்தாங்கம்மா. எத்தனை வேளைன்னு சொன்னாங்க, பஸ் ஏறுறதுக்குள்ள மறந்துபோச்சு. பக்கத்து வீட்டு மதினி, அவுகளுக்கு ரெண்டு வேளைன்னாக. நானும் ரெண்டு வேளை போட்டேன்" என்றார்.

சீட்டு அவர் சுருக்குப் பையிலேயே இருந்தது. அந்த மாத்திரைக்கு நேராக இரண்டே எழுத்து: ஓ.டி. அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒரே தடவை.

ஒன்பதாவது படிக்கிற மகள் எழுத்தைச் சரியாகத்தான் படித்தது. ஆனால் அர்த்தம் தெரியவில்லை. அதில் அந்தப் பிள்ளை தப்பு ஒன்றுமில்லை. இவை பெரும்பாலும் இங்கிலீஷே இல்லை, லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கம். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் மருத்துவப் படிப்பு லத்தீனில்தான் நடந்தது. அந்தப் பழக்கம் சீட்டில் இன்னும் இருக்கிறது. ஆகவே "நமக்குப் படிப்பு இல்லையே" என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். பட்டம் படித்தவர்களும் சொல்லிக் கொடுத்தால்தான் தெரிந்துகொள்கிறார்கள். பத்துச் சொல் போதும்.

எத்தனை தடவை?
ஓ.டி. – தினம் ஒரு தடவை.
பி.டி. – தினம் இரண்டு தடவை.
டி.டி.எஸ். – தினம் மூன்று தடவை. (பாங்கில் பிடிக்கிற டி.டி.எஸ். வேறு!)
கியூ.ஐ.டி. – தினம் நான்கு தடவை.

எப்போது?
ஏ.சி. அல்லது பி.எஃப். – சாப்பாட்டுக்கு முன்.
பி.சி. அல்லது ஏ.எஃப். – சாப்பாட்டுக்குப் பின்.
ஹெச்.எஸ். – இரவு படுக்கப் போகும்போது.
எஸ்.ஓ.எஸ். – தேவைப்பட்டால் மட்டும். காய்ச்சல், வலி இருந்தால் போடுவது. இல்லையென்றால் வேண்டாம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
ஸ்டாட் – உடனே, இப்போதே.

எண்கள் இருந்தால் இன்னும் சுலபம். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 0-0-1 என்றால் இரவு மட்டும். 5/7 என்று எழுதினால் ஐந்து நாள். ஐந்திலிருந்து ஏழு நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல 1/12 என்றால் ஒரு மாதம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அதே ஓ.டி. என்ற எழுத்து கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தால் "வலது கண்" என்று அர்த்தம்! எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. ஆகவே சுருக்கெழுத்து தெரிந்துகொள்வது சரியாகக் கேள்வி கேட்பதற்குத்தான், நாமே வைத்தியம் பார்ப்பதற்கு இல்லை. மூட்டுவாதத்துக்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. அதைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாத்திரைக் கணக்கு நமக்கு உதவாது.

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. மருந்தின் மூலப் பெயரைப் புரியும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே டாக்டர்களுக்கு விதி கொண்டுவந்தது. புரியாத சீட்டை "இது என்னங்கம்மா, எத்தனை வேளை?" என்று கேட்பது நம் உரிமை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்த நம் பெண்கள். அவர்களிடமும் தாராளமாகக் கேட்கலாம்.

இனி மருந்து வாங்கும்போது, கடையை விட்டு நகரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:
1. எந்த மாத்திரை எதுக்கு?
2. எத்தனை தடவை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?
3. எத்தனை நாள்?

பதிலை அங்கேயே கவரில் எழுதச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை என்று படம் போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரு படம், அவ்வளவுதான். டாக்டர் சொல்லாமல் பழைய சீட்டைக் காட்டி மறுபடி மருந்து வாங்காதீர்கள்.

அந்த அக்கா இப்போது தேறிவிட்டார். அவர் மாத்திரைக் கவரில் மகள் வரைந்த ஒற்றைச் சூரியன் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பாஸ்புக்கோடு வீட்டிலுள்ள மருந்துச் சீட்டையும் எடுத்து வாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டட்டும். சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். கிராம செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்டுத் தெளிவாகிக்கொள்வோம்.