கைவிடப்பட்ட விமானங்களுக்குச் சிறகு கொடுத்த நகரம்

பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து தென்கிழக்கே நேர்க்கோட்டில் சுமார் 7 கி.மீ. தொலைவில் எச்.ஏ.எல். ஓடுதளம் உள்ளது. வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் எலகங்கா விமானப்படைத் தளம். இரண்டுக்கும் நடுவே அமைந்துவிட்ட இந்தக் குடியிருப்புப் பகுதிக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் "ஏரோ இந்தியா' கண்காட்சிக் காலம் திருவிழாக் காலம்தான். கேமராவும் தொலைநோக்கியுமாக எலகங்காவுக்குப் புறப்படுவோர் ஒருபுறம்; பாஸ் கிடைக்காமல் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்போர் மறுபுறம்.

2025-ஆம் ஆண்டுக் கண்காட்சியின்போது, பறவைகள் விமானங்களில் மோதாமல் தடுக்க எலகங்கா தளத்தைச் சுற்றி 13 கி.மீ. சுற்றளவில் இறைச்சி விற்பனைக்கு மாநகராட்சி தடை விதித்தது. காக்ஸ் டவுன் சந்தை அந்த வட்டத்துக்குச் சற்றே வெளியே இருந்ததால் தப்பியது.

அந்தக் கண்காட்சியில் அமெரிக்காவின் எஃப்-35, ரஷியாவின் சுகோய்-57 ஆகிய இரண்டும் ஒரே இடத்தில் காட்சி தந்தது உலகச் செய்தியானது. ஆனால், விமான ஆர்வலர்களில் ஒரு சாராருக்குப் புதிய போர் விமானங்களைவிடப் பழைய விமானங்கள் மீதே ஈர்ப்பு. 2019 கண்காட்சியில் "டகோட்டா' பறந்தபோது அவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எந்தப் புதிய விமானமும் தந்ததில்லை.

இந்த ஈர்ப்புக்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரு தமிழர்கள் "தண்டு' என்றழைக்கும் பழைய ராணுவப் பாளையப் பகுதியில், தாத்தாவோ தந்தையோ எச்.ஏ.எல். தொழிற்சாலையில் பணியாற்றிய குடும்பங்கள் ஏராளம். அந்தத் தொழிற்சாலை செய்த ஒரு சாதனையை இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள அருங்காட்சியகங்கள் பெருமையுடன் காட்சிக்கு வைத்துள்ளன. அதை இந்தியர்கள்தான் பெரும்பாலும் அறியவில்லை.

லிபரேட்டர் கதை: இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, "லிபரேட்டர்' என்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் சுமார் நூறு, கான்பூரில் கைவிடப்பட்டன. போர்க்கால ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பித் தர வேண்டும். அல்லது பயன்படாதவாறு சிதைக்க வேண்டும். கொண்டு செல்வதைவிடச் சிதைப்பது எளிதாக இருந்தது. மீண்டும் எவரும் பறக்கவிடக் கூடாது என்பதற்காகவே உடைக்கப்பட்ட விமானங்கள் அவை.

சுதந்திரம் பெற்ற கையோடு பாகிஸ்தானுடன் போர். இந்திய விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. இந்தச் சூழலில் பொறுப்பு எச்.ஏ.எல்.லிடம் வந்தது. கான்பூரில் ஓரளவுக்குப் பழுது நீக்கப்பட்ட விமானங்களை, அந்நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களை இங்குள்ள தொழிலாளர்கள் முழுமையாக்கினர். 1948 நவம்பரில் 5-ஆவது படைப்பிரிவில் அவை சேரத் தொடங்கின. 1968 வரை பறந்தன. பிற நாடுகளில் லிபரேட்டர்கள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டிருந்தன.

அதன் பிறகுதான் மேலைநாடுகள் விழித்துக்கொண்டன. அமெரிக்காவின் டூசான் நகரிலுள்ள பிமா அருங்காட்சியகத்துக்கு 1969-இல் ஒன்று சென்றது. பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974-இல் ஒன்று பரிசாக அனுப்பப்பட்டது. கனடாவிலும் ஒன்று உள்ளது. இந்தியாவில் கேட்பாரற்றுக் கிடந்த மற்றொன்றை 1981-இல் பிரிட்டனைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிச் சென்றார். பின்னர் அது அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் வந்து, 1989-இல் மீண்டும் பறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அமெரிக்க நகரங்களுக்கெல்லாம் பறந்து, கட்டணம் செலுத்தியவர்களை ஏற்றிச் சென்றது. இந்தியாவில் எஞ்சியிருப்பது தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் தரையில் நிற்கிறது.

சீரமைத்தது பெங்களூரு, பறப்பதைக் கண்டு மகிழ்ந்தது அமெரிக்கா. காக்ஸ் டவுன் ஆர்வலர்களின் ஆதங்கம் இதுதான்.

எம்.பி. அளித்த பரிசு: இந்திய விமானப்படையின் தொன்மை விமானப் பிரிவு தில்லியை அடுத்த ஹிண்டனில் உள்ளது. அங்குள்ள "டைகர் மாத்', "ஹார்வர்டு', "டகோட்டா' ஆகிய மூன்றும் வெளிநாட்டு வடிவமைப்புகள். டைகர் மாத் பிரிட்டனில் சீரமைக்கப்பட்டு, 2012 அக்டோபர் 8-ஆம் தேதி விமானப்படை தின விழாவில் பறந்தது. டகோட்டா அரசின் முயற்சியால் வந்ததே அல்ல. கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வான ராஜீவ் சந்திரசேகர், விமானப்படையில் டகோட்டா விமானியாக இருந்த தம் தந்தை ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் நினைவாக, அயர்லாந்தில் பழைய இரும்பாகக் கிடந்ததை வாங்கிச் சீரமைத்துத் தந்தார். அதைப் பெற்றுக்கொள்ளவும் அரசு முதலில் முன்வரவில்லை. மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதுதான் ஒப்புதல் கிடைத்தது. 2018-இல் "பரசுராமா' என்ற பெயருடன் விமானப்படையில் சேர்ந்தது. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் சீக்கியப் படைப்பிரிவினரைக் கொண்டு இறக்கிய டகோட்டாவின் எண்ணான வி.பி. 905 அதற்குச் சூட்டப்பட்டது.

ஒரு மகன் தந்தைக்குச் செலுத்திய மரியாதையால் நாட்டுக்கு ஒரு விமானம் கிடைத்தது. நல்லதே. ஆனால் இதைக் கொள்கை என்று எவரும் சொல்ல முடியாது.

இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானமான "மாருத்'தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான அந்த விமானத்தை, 1961 ஜூன் 17-ஆம் தேதி முதன்முறையாக ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரியில் அதன் மேம்பட்ட வடிவத்தைச் சோதித்தபோது பெங்களூரில் விபத்தில் இறந்தார். பழைய மதராஸ் சாலையிலிருந்து பிரியும் சாலைக்கு அவர் பெயரே உள்ளது. தினமும் அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அவர் யார் என்று அறிவர்? மொத்தம் 147 மாருத்கள் தயாரிக்கப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் அவை பங்கேற்றன. எதிர்பார்த்த ஆற்றலுள்ள என்ஜின் கடைசி வரை கிடைக்காததால், 1990-க்குள் முற்றிலும் ஓய்வு பெற்றன. இன்று பறக்கும் நிலையில் ஒன்றுகூட இல்லை.

ஆபத்தும் உண்டு: பழைய விமானங்களைப் பறக்கவிடுவதில் உள்ள ஆபத்தை ஆர்வலர்கள் மறுப்பதில்லை. பிரிட்டனின் ஷோர்ஹாமில் 2015-இல் "ஹன்டர்' விமானம் சாலையில் விழுந்து 11 பேர் பலியாயினர். இந்திய விமானப்படையும் பல்லாண்டுகள் பயன்படுத்திய ரகம் அது. 2019 அக்டோபரில் அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 விமானம் விபத்துக்குள்ளாகி 7 பேர் இறந்ததையடுத்து, பயணிகளை ஏற்றும் அனுமதியை அது இழந்தது. 2022-இல் டல்லஸ் நகரில் நடுவானில் இரு விமானங்கள் மோதி 6 பேர் மாண்டனர். புதிய விமானங்களுக்கும் இது பொருந்தும்: 2019-இல் எலகங்காவில் ஒத்திகையின்போது விங் கமாண்டர் சாஹில் காந்தியும், 2025 நவம்பரில் துபையில் தேஜஸ் விமானி நமான்ஷ் சியாலும் உயிரிழந்தனர்.

எனவே, ஜெட் விமானங்களை மக்கள் கூட்டத்தின் அருகே சாகசம் செய்ய வைக்க வேண்டும் என்று விவரமறிந்த ஆர்வலர்கள் கேட்பதில்லை. மெதுவாகப் பறக்கும் பழைய பயிற்சி விமானங்களைப் பறக்கவிடலாம். மாருத், அஜீத் போன்றவற்றின் என்ஜினை ஆண்டுக்கு ஒருமுறையாவது தரையிலேயே இயக்கிக் காட்டலாம் என்பதே அவர்களது கோரிக்கை.

இதில் பெங்களூருக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டனில் மக்கள் நன்கொடையால் 2007-இல் மீண்டும் பறந்த "வல்கன்' குண்டுவீச்சு விமானம், 2015-இல் நிறுத்தப்பட்டது. தொழில்நுட்பப் பொறுப்பேற்ற நிறுவனங்கள் விலகிக்கொண்டதே அதற்குக் காரணம். மாருத்தின் நிலை அப்படியல்ல. அதை உருவாக்கிய எச்.ஏ.எல். இதே நகரில் உள்ளது. 2001-இல் அந்நிறுவனம் திறந்த அருங்காட்சியகமும் நல்ல முறையில் நடைபெற்று வருகிறது. பணம் பெரிய தடையாக இருக்க முடியாது. கோப்பில் கையெழுத்திட தில்லியில் எவருக்கும் அவசரமில்லை, அவ்வளவுதான்.

கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூர்பா சாலையில், விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு வெளியே ஒரு மாருத் நிற்கிறது. வெயிலும் மழையும் அதன் மீதுதான். மற்றொன்று சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் உள்ளது. இன்னொன்று குர்ட் டாங்க்கின் நாடான ஜெர்மனியில், மியூனிக் அருகே அருங்காட்சியகக் கூரையின் கீழ் பாதுகாப்பாக இருக்கிறது. விடுமுறை நாள்களில் கஸ்தூர்பா சாலைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் காக்ஸ் டவுன் பெரியவர்கள், "இது நம் ஊரில் செய்தது' என்று காட்டுகின்றனர். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது பறக்குமா?'