தொட்டியில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும் குட்டிகள்

கலிபோர்னியாவில் மத்தி பதனிடும் ஆலைகள் நிறைந்திருந்த கேனரி ரோ வீதியில், 1984-இல் திறக்கப்பட்டது மான்டரே விரிகுடா கடல்வாழ் உயிர்க் காட்சியகம். உயிர்களைத் தொட்டியில் வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டும் இடத்தில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எந்த உயிருக்கு எவ்வளவு இரை, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று ஆராய்வது தொட்டியில் இருப்பவற்றுக்கு மட்டுமே உதவுமானால், அடைத்து வைத்ததால் வந்த சிக்கலை அடைத்தவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பராமரிப்பு ஆராய்ச்சியின் மதிப்பைத் தொட்டிக்கு வெளியே போய்த்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தாலும் தேறுகிறது இங்கே நடக்கும் கடல் நீர்நாய்க் குட்டி வளர்ப்பு.

மயிர்த்தோலுக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியக் கரையில் அற்றுப்போனதாகவே கருதப்பட்ட விலங்கு கடல் நீர்நாய். 1938-இல் பிக் சர் கரையோரம் ஏறத்தாழ 50 மட்டும் எஞ்சியிருப்பது தெரியவந்தது. இன்று சுமார் 3,000 இருக்கின்றன. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் இருப்பதுபோல் இதற்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்க அடர்ந்த மயிர் வேண்டும். தினமும் உடல் எடையில் கால் பங்கு அளவுக்குத் தீனியும் வேண்டும். மயிரைக் கோதிக் காற்றைத் தேக்கி வைப்பது, முங்கி நண்டு பிடிப்பது, மல்லாந்து மிதந்தபடி நெஞ்சின் மேல் வைத்த கல்லில் மட்டியை மோதி உடைப்பது எல்லாமே தாயிடம் படிப்பவை. தாயைப் பிரிந்து கரையொதுங்கிய குட்டிகளுக்கு ஆரம்பத்தில் ஊழியர்களே தாயாக இருந்தார்கள். புட்டியில் பால் கொடுத்தார்கள், கடலில் கூடவே நீந்தினார்கள். குட்டிகள் மனிதரோடு ஒட்டிக்கொண்டன. கடலில் விட்ட பிறகும் ஆட்களைத் தேடி வந்த சிலவற்றைத் திரும்பப் பிடித்துவர வேண்டியதாயிற்று.

வழி திறந்தது 2001-இல். நோயுற்று மீட்கப்பட்ட தூலா என்ற பெண் நீர்நாய் இறந்த குட்டியை ஈன்றது. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த அநாதைக் குட்டி ஒன்றைத் தன்னதாகவே ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து முறை மாறியது. பச்சிளங்குட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் அணிந்து, மனித உருவமே தெரியாதபடி வேலை செய்கிறார்கள். சற்று வளர்ந்ததும் குட்டி வளர்ப்புத்தாயிடம் போகிறது. தாய் நண்டை உடைப்பதைப் பார்த்துத் தானும் உடைக்கிறது. பராமரிப்பவர் தன்னை மறைத்துக்கொள்வதே இங்கே பராமரிப்பின் உச்சம். அன்பு காட்டிப் பழகியவர்களுக்கு இது எளிதல்ல.

2002 முதல் 2016 வரை இப்படி வளர்ந்த 37 நீர்நாய்கள் அருகிலுள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் விடப்பட்டன. இயற்கையில் வளர்ந்த நீர்நாய்களுக்கு நிகராகவே அவை பிழைத்தன. அந்தக் காலத்தில் அங்கே கூடிய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இவற்றாலும் இவற்றின் வாரிசுகளாலும் வந்தது என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. பலன் கழிமுகத்துக்கும் கிடைத்தது. நீர்நாய்கள் நண்டைத் தின்னத் தின்ன, நண்டுக்கு இரையாகிவந்த கடல் நத்தைகள் பெருகின. அவை கடற்புல்லின் மேல் படரும் பாசியை மேய்ந்ததால் புல் தழைத்தது.

37 என்பது சொற்பம், இவ்வளவு செலவு தகுமா என்பார்கள். பரந்த கடலோரத்தில் சொற்பம்தான். ஒரு சிறு கழிமுகத்தில் அது ஒரு கூட்டத்தையே ஊன்றிவிட்டது. ஆனால் எல்க்ஹார்ன் ஸ்லூ அலையடங்கிய, இரை மிகுந்த இடம். திறந்த கடற்கரையில் இதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்து வாதாட முடியாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் வளர்ப்புத்தாய்களைப் பற்றியது: குட்டிகள் போய்விடுகின்றன, தாய்களோ தொட்டியிலேயே முடிகின்றன. வலிப்புக்கு மருந்து தேவைப்பட்ட தூலாவும் 2012-இல் அங்கேயே இறந்தது. கடலில் பிழைக்க இயலாது என்று தீர்மானிக்கப்பட்டவையே இப்படி வைக்கப்படுகின்றன என்பது பதில். இழப்பை அந்தப் பதில் துடைத்துவிடாது. ஆனாலும் இவற்றை வைத்திருக்க அதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லா உயிருக்கும் இந்த நியாயம் பொருந்தாது. இதே காட்சியகம் 2004-இல் இளம் வெள்ளைச் சுறா ஒன்றைக் கொண்டுவந்து 198 நாள் வைத்திருந்தது. அது உடனிருந்த வேறு சுறாக்களைக் கொன்றது. பிறகும் சில வந்தன. 2011-இல் வைக்கப்பட்ட சுறா கடலில் விட்ட சிறிது நேரத்திலேயே இறந்தது. அதற்குப் பின் அங்கே வெள்ளைச் சுறா வைக்கப்படவில்லை. கூட்டம் கூட்டிய ஓர் உயிரை வேண்டாம் என்று நிறுத்தியதையும் பராமரிப்பு ஆராய்ச்சியின் முடிவாகவே நான் எண்ணுகிறேன்.