ரெண்டு விவசாயி, 50 கிலோ உருளைக்கிழங்கு, உடையாத முட்டை... பிரான்ஸின் குடும்ப கார் பிறந்தது எப்படி?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டையோடு போகும் சிறு விவசாயியை மனசில் வைத்து ஒரு கார் செய்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட இப்படியொரு கேள்வியில்தான் பிரான்ஸின் புகழ்பெற்ற குடும்ப கார் பிறந்தது.

கண்டிஷன் என்ன?

1930களில் சிட்ரோயன் நிறுவனத் தலைவர் பியர் பூலாஞ்சே, இன்ஜினியர்களிடம் கேட்டது இதுதான்: ரெண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறணும். 60 கி.மீ. வேகம் போதும். 100 கி.மீ. ஓட 3 லிட்டர் பெட்ரோல்தான். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது!

1939இல் சோதனை கார்கள் தயார். அதற்குள் போர் வந்துவிட்டது. ஜெர்மன் ராணுவத்திடம் சிக்கக் கூடாது என்று சில கார்களை ஒளித்து வைத்தார்கள். கடைசியில் 1948 அக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில் '2சிவி' வெளியானது. 375 சிசி இன்ஜின், 9 குதிரைத்திறன், துணிக் கூரை. பத்திரிகைகள் கிண்டல் செய்தன. மக்களோ புக்கிங் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

'சிவி' என்றால் என்ன?

வரி போடுவதற்காக அரசு கணக்கிடும் குதிரைத்திறன். எண் குறைந்தால் வரியும் குறையும். பெட்ரோலுக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு இருந்த காலம் என்பதால், சின்ன கார்தான் சாமானியருக்குக் கட்டுப்படியானது.

ரெனோ என்ன செய்தது?

1945இல் ரெனோ நிறுவனம் அரசுடைமை ஆனது. அடுத்த ஆண்டே அறிமுகமானது '4சிவி'. நாலு கதவு, பின்பக்கம் இன்ஜின். 10 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சு கார் இதுதான். 1948இல் பெஜோ '203' மாடலை இறக்கியது. 1961இல் வந்த 'ரெனோ 4', 80 லட்சத்தைத் தாண்டியது. 2சிவி உற்பத்தி 1990 வரை ஓடியது.

அப்போது இங்கே என்ன நிலை?

லைசென்ஸ் முறையால் கம்பெனியும் குறைவு, மாடலும் குறைவு. சென்னையில் ஸ்டாண்டர்டு, மும்பையில் பிரீமியர், கொல்கத்தா பக்கம் அம்பாசடர். சொந்த கார் என்பது வசதியானவர்களுக்கு மட்டும்தான். திண்டுக்கல் பக்கம் கல்யாணம், ஆஸ்பத்திரி, பழனி பயணம் என்றால் மற்ற குடும்பங்களுக்கு வாடகை அம்பாசடர்தான். நடுத்தரக் குடும்பத்துக்கென ஒரு சின்ன கார் வர, 1983 டிசம்பரில் மாருதி 800 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் 4சிவி வந்து அப்போது 37 வருஷம் ஆகியிருந்தது.

இப்போது?

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. 2017இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? அப்போது பெஜோ, சிட்ரோயன் கார்களைத் தயாரித்து வந்த பிரான்ஸின் பிஎஸ்ஏ குழுமம்! இன்று ரெனோ கார்கள் ஒரகடத்திலும், சிட்ரோயன் கார்கள் திருவள்ளூரிலும் தயாராகின்றன.

ஆனால் பூலாஞ்சே போட்ட கணக்கு இன்னும் பழசாகவில்லை. வண்டி எவ்வளவு பெரிசு என்பதல்ல விஷயம். யார் ஏறப்போகிறார், என்ன ஏற்றப்போகிறார், எந்த ரோட்டில் போகப்போகிறார் என்பதுதான் முதல் கேள்வி. கார் வாங்கப் போகும் குடும்பமும் ஷோரூமுக்குள் நுழையும் முன் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.